கே.பி. சுந்தராம்பாள் பெரிய நடிகையா?

கேள்வி இதுதான்: "கே.பி. சுந்தராம்பாள் நடித்த படங்கள் மொத்தமே ஒரு டஜன்தான் தேறும். அதிலும் பல படங்களில் ஔவையாராகவோ அடியாராகவோ வந்து, பாடிவிட்டுப் போய்விடுகிறார். பெரிய பாடகி என்றால் புரிகிறது. பெரிய நடிகை என்று ஏன் சொல்கிறார்கள்? அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?"

படக் கணக்கு சரிதான். ஆனால் அவரை அந்தக் கணக்கில் பிடிக்க முடியாது. 1935இல் முதல் படம் வரும்போதே அவர் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பேர் போன நாடகக்காரி. சினிமா அவருக்கு இரண்டாவது வாழ்க்கை. முதல் வாழ்க்கையில் அவர் ஏறிய மேடைகளை யாரும் படம் பிடித்து வைக்கவில்லை. இசைத்தட்டுகள் இருக்கின்றன, பார்த்தவர்கள் எழுதியவை கொஞ்சம் இருக்கின்றன. அதனால் இன்றைக்கு நாம் பார்க்கிற சுந்தராம்பாள் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டிய, வெள்ளைப் புடவை கட்டிய, நெற்றி நிறைய விபூதி பூசிய அம்மையார். அவர் அந்த உருவத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

பிறந்தது 1908இல், காவிரிக்கரையில் இருக்கும் கொடுமுடியில். பெயருக்கு முன்னால் இருக்கும் 'கே.பி.' கொடுமுடியையும் பாலாம்பாளையும் குறிக்கும். பாலாம்பாள் அவருடைய தாய். குடும்பத்தைத் தாங்கியவரும் அந்தத் தாய்தான். வீட்டில் கடுமையான வறுமை. சிறுமி ரயிலில் பாடிக் காசு வாங்கினாள் என்பது எல்லோரும் சொல்லும் செய்தி. அந்தக் குரலை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்பதில் இரண்டு கதைகள் உண்டு. ரயில்வே அதிகாரியாகவும் நாடகப் பிரியராகவும் இருந்த எஃப்.ஜி. நடேச அய்யர் என்பார்கள் சிலர்; கரூரில் போலீஸ் அதிகாரியாக இருந்த கிருஷ்ணசாமி அய்யர் என்பார்கள் சிலர். எப்படியோ, அந்தச் சிறுமி வேலு நாயர் நாடகக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தாள். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் மூத்த பிள்ளையாக வந்து 'பசிக்குதே' என்று பாடியது அவருடைய முதல் வேடங்களில் ஒன்று. பசியைப் பற்றி அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்து மேடை எப்படி இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய நடிப்பே நமக்குப் புரியாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், நல்லதங்காள் போன்றவைதான் ஊரெல்லாம் ஆடப்பட்டன. இவற்றைக் கம்பெனிகள் ஒரு பக்கம் நடத்தின. இன்னொரு பக்கம் 'ஸ்பெஷல் நாடகம்' என்று ஒன்று இருந்தது. காண்டிராக்டர் ஓர் ஊரில் கொட்டகை போடுவார். கதாநாயகன் வேடமான ராஜபார்ட்டுக்கு ஓர் ஊரிலிருந்து ஒருவர், கதாநாயகி வேடமான ஸ்திரீபார்ட்டுக்கு வேறோர் ஊரிலிருந்து ஒருவர், ஆர்மோனியத்துக்கு இன்னொருவர், பபூன் தனி. எல்லோரும் அன்று மாலை வந்து இறங்குவார்கள். ஒத்திகை என்று எதுவும் கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டும் தெரியும். எதிரில் இருப்பவர் இன்று என்ன கேட்பார், எந்த ராகத்தில் இழுப்பார், எந்த வார்த்தையில் மடக்குவார் என்பது மட்டும் மேடை ஏறும்வரை தெரியாது.

வள்ளி திருமணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்டும் வள்ளி, நாரதரிடம் தர்க்கம் பண்ண வேண்டும். அப்புறம் வேடனாக வரும் முருகனிடம் தர்க்கம். இந்தத் தர்க்கம் பாட்டிலும் நடக்கும், வசனத்திலும் நடக்கும், எழுதிவைத்த வரியைத் தாண்டியும் நடக்கும். விடிய விடிய நாடகம். மைக் இல்லை. கொட்டகையின் கடைசியில் மண்தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். நாலு கட்டை, ஐந்து கட்டை என்று சுருதியை ஏற்றிப் பாடியதற்குக் காரணம் அதுதான். உச்சத்தில் நிற்கும்போதும் சொல் சிதையக் கூடாது. சிதைந்தால் கதை போய்விடும், 'ஒன்ஸ்மோர்' கேட்கிற கூட்டமும் கலைந்துவிடும். சுந்தராம்பாள் தமிழை உச்சரிக்கும் விதத்தைப் பற்றி இன்றும் பேசுகிறோமே, அது இந்தக் கொட்டகைகளில் உருவானது. ஸ்திரீபார்ட்டோடு அவர் நிற்கவில்லை. ராஜபார்ட்டும் போட்டிருக்கிறார். ஆண் வேடம் அவருக்குப் புதிதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

1926இல் இலங்கையில் நாடகங்கள் நடந்தபோதுதான் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடிக்கும் சந்தர்ப்பம் வந்தது. செங்கோட்டைக்காரரான கிட்டப்பா கன்னையா நாடகக் கம்பெனியில் பெயர் எடுத்தவர். எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் உடையாத குரல். அண்ணன் காசி அய்யர் ஆர்மோனியம். கிட்டப்பாவுக்கு எதிரில் நின்று பாடுவது என்றால் பெரிய பெரிய ஆட்களே தயங்கிய காலம். அவருக்குச் சமமாக ஒரு பெண் நின்று பாடினார் என்பதே அன்றைய ரசிகனுக்குப் பெரிய செய்தி. இரண்டு பேரும் மேடையில் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் மோதினார்கள், கூட்டம் கூடியது, காதலும் வந்தது. 1927இல் திருமணம்.

கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். சுந்தராம்பாளுக்கு அது தெரியும். அந்த வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த நிம்மதி குறைவு. பிறந்த குழந்தை தங்கவில்லை. கிட்டப்பாவுக்குக் குடிப்பழக்கம், உடல்நலக் கேடு, இருவருக்கும் இடையே பிணக்கு, பிரிவு. அவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்களில் சில இன்றும் கிடைக்கின்றன. படித்தவர்களுக்குத் தெரியும்: மேடையில் தர்க்கத்தில் யாருக்கும் பணியாத ஒரு பெண், கடிதத்தில் கெஞ்சுகிறார், கோபிக்கிறார், மறுபடியும் கெஞ்சுகிறார். ஒரு கணவனுக்கு எழுதிய தனிப்பட்ட தாள்கள் அவை. அதற்கு மேல் அவற்றைக் கிளற எனக்கு மனமில்லை.

1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா காலமானார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்றிலிருந்து வெள்ளைப் புடவை. நகை, பொட்டு எதுவும் இல்லை. எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற முடிவும் அப்போது எடுத்ததுதான். இறக்கும்வரை, ஏறக்குறைய 47 ஆண்டுகள், அதிலிருந்து மாறவில்லை.

இதைப் பதிபக்திக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். ஒரு நடிகையின் தொழிலுக்கு இது என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 25 வயதுப் பெண், ஸ்திரீபார்ட். வள்ளி வேண்டாம், பவளக்கொடி வேண்டாம், மாதவி வேண்டாம் என்றால் மேடையில் அவருக்கு மிச்சம் என்ன இருக்கிறது? அவருடைய வயதில், அவருடைய நிலையில் இருந்த இன்னொருவர் தொழிலை விட்டிருப்பார். அவரும் சில காலம் ஒதுங்கித்தான் இருந்தார். திரும்பி வந்தபோது எடுத்த வேடம் நந்தனார். ஆண் வேடம், அதுவும் அடியார் வேடம். ஜோடி என்ற பிரச்சினையே அங்கே எழாது, ஏனென்றால் கதாநாயகனே அவர்தான். இதை நான் வெறும் விரதமாகப் பார்க்கவில்லை. தன் விரதத்தையும் தொழிலையும் ஒன்றாகக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நல்ல கலைஞர் கண்டுபிடித்த வழி என்றே நினைக்கிறேன்.

நந்தனாரைப் படமாக எடுக்க அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் வந்தார். சினிமாவில் நடிக்க இவருக்கு விருப்பமில்லை. ஒரு லட்சம் கேட்டால் ஓடிவிடுவார்கள் என்று நினைத்துக் கேட்டாராம். அவர்கள் சரி என்றுவிட்டார்களாம். ஒரு லட்சம் வாங்கியது உண்மை. 1935இல் அது யாரும் கேள்விப்படாத சம்பளம். எம்.எல். டாண்டன் இயக்கினார். வேதியராக நடித்தவர் பெரிய கர்நாடக சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத அய்யர். படத்தில் நாற்பதுக்கு மேல் பாட்டு. விளம்பரம் பெரிதாக இருந்தது, படம் அந்த அளவுக்குத் தேறவில்லை. கல்கி எழுதிய விமர்சனம் மிகவும் பேசப்பட்டது: படத்தில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டிகளும்தான் என்ற பொருளில் விளாசியிருந்தார். கடுமைதான், ஆனால் அன்றைய பேசும்படங்களுக்கு மேடையிலிருந்து வந்தவர்கள் எல்லோருமே பட்ட பாடு அது. கொட்டகையின் கடைசி வரிசைக்கு நடித்துப் பழகிய உடம்பு, முகத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் கேமராவுக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தது. 1940இல் மணிமேகலை வந்தது. அதற்குப் பிறகு 13 வருடம் அவர் திரைக்கே வரவில்லை.

திரைக்கு வெளியே அவர் சும்மா இருந்தார் என்று நினைக்க வேண்டாம்; முதல் படத்துக்கு முன்பிருந்தே அரசியல் மேடையிலும் இருந்தார். நாடகக் கலைஞர்களைக் காங்கிரஸ் பக்கம் கொண்டுவருவதில் தீரர் சத்தியமூர்த்திக்குப் பெரிய பங்கு உண்டு. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் அதில் முன்வரிசை. 1931இல் மோதிலால் நேரு இறந்தபோது சுந்தராம்பாள் பாடிய இரங்கல் பாட்டு இசைத்தட்டாக வந்து ஊர் ஊராகப் போனது. காந்தியைப் பரம ஏழைச் சந்நியாசி என்று பாடும் பாட்டும் அவருடையதுதான். 1937 தேர்தலில் காங்கிரசுக்காகப் பாடிப் பிரச்சாரம் செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூட்டத்துக்குப் பத்திரிகையும் மேடைப் பேச்சும் சேர்ந்து செய்ய முடியாததை இந்தப் பாட்டுகள் செய்தன. போலீஸ் நாடகக் கொட்டகைகளின் மேல் கண் வைத்திருந்தது இதனால்தான். காந்தி கொடுமுடிக்கு வந்து அவர் வீட்டில் சாப்பிட்டதும், தங்கத் தட்டில் பரிமாறியதைப் பார்த்துச் 'சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா' என்கிற மாதிரி கேட்டதும், அவர் கொடுத்த தட்டைக் காந்தி அங்கேயே ஏலம் விட்டு நிதியில் சேர்த்ததும் கொங்கு நாட்டில் இன்றும் சொல்லப்படும் கதை. 1951இல் காங்கிரஸ் அரசு அவரைச் சென்னை சட்ட மேலவைக்கு நியமித்தது. இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் போன முதல் திரைக்கலைஞர் என்று அவரைத்தான் சொல்வார்கள். தமிழ்நாட்டு அரசியலையும் சினிமாவையும் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த அத்தியாயத்தைத் தாண்டிவிட்டு நேராக ஐம்பதுகளுக்குப் போய்விடுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

இப்போது ஔவையாருக்கு வருவோம். ஜெமினி எஸ்.எஸ். வாசன் பல ஆண்டுகள் செலவழித்து எடுத்த படம். இயக்கம் கொத்தமங்கலம் சுப்பு. வெளிவந்தது 1953. அது எந்தக் காலம் என்று பாருங்கள். பாடத் தெரிந்தவர்தான் நடிக்க முடியும் என்ற காலம் முடிந்து, பின்னணிப் பாடகர்கள் வந்துவிட்டார்கள். தியாகராஜ பாகவதர் ஓய்ந்துபோயிருந்தார். 1952இல் பராசக்தி வந்து வசனத்தின் கொடி பறந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு வேளையில், 45 வயதில், ஜோடி இல்லாமல், காதல் காட்சி இல்லாமல், கைத்தடி ஊன்றி நடக்கும் கிழவியாக வந்து ஒரு பெரும் படத்தைத் தன் தோளில் தாங்கினார் சுந்தராம்பாள். தமிழ்நாடு முழுக்கப் படம் ஓடியது. கதாநாயகியின் வயதைப் பற்றி இன்றுகூடத் தயாரிப்பாளர்கள் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அதே காலத்தில் மேடையில் ஔவையாராகக் கொடிகட்டிப் பறந்தவர் டி.கே. சண்முகம். 'ஔவை' சண்முகம் என்றே அவருக்குப் பெயர். மேடையில் ஓர் ஆண் ஔவையாக நடித்தார். திரையில் ஔவையாக வந்தவர், அதற்கு முன்னால் நந்தனாராக நடித்த பெண். இரண்டையும் மக்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள். வேடத்தைத் தாங்குவது உருவமா குரலா என்றால், அந்தத் தலைமுறை குரல் என்று சொல்லியிருக்கும்.

அவருடைய வேடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். மணிமேகலை துறவி. ஔவை, இளமையே வேண்டாம் என்று விநாயகரிடம் கேட்டு முதுமை வாங்கியவள். பூம்புகாரில் அவர் ஏற்ற கவுந்தி அடிகள் சமணத் துறவி. காரைக்கால் அம்மையார், கணவன் விலகிப் போனபின் அழகும் உடம்பும் எதற்கு என்று பேயுரு கேட்டு வாங்கியவர். குடும்பத்துக்கு வெளியே நின்று, யாருக்கும் மனைவியாகவோ தாயாகவோ இல்லாமல், தன் தமிழால் மட்டும் மதிக்கப்பட்ட பெண்கள் நம் மரபில் எத்தனை பேர் உண்டோ, அவர்களில் பலரையும் இவர் நடித்துவிட்டார். 25 வயதில் விதவையான ஒரு பெண்ணை மூலையில் உட்கார வைத்த சமூகம், அதே வெள்ளைப் புடவையோடு அவர் திரையில் வந்தபோது எழுந்து கும்பிட்டது. ஜோடி கிடையாது என்று அவர் போட்ட கோட்டுக்குத் தகுந்தபடி கதை தேடி வந்தவர்கள் தயாரிப்பாளர்கள்தான். அவர் அந்தக் கோட்டைத் தாண்டிப் போகவில்லை.

பூம்புகார் 1964இல் வந்தது. கதை வசனம் கலைஞர் கருணாநிதி, இயக்கம் ப. நீலகண்டன், கோவலனாக எஸ்.எஸ். ராஜேந்திரன், கண்ணகியாக விஜயகுமாரி. காங்கிரஸ்காரரான, முருக பக்தையான சுந்தராம்பாளை ஒரு தி.மு.க. தலைவரின் படத்தில் நடிக்க வைப்பது சாதாரணக் காரியமில்லை. ஒரு பாட்டில், தெய்வம் எங்கே போய்விட்டது என்று கேட்கிற வரி இருந்ததாம். அப்படிப் பாட மாட்டேன் என்றார். தெய்வம் இங்கே வந்துவிட்டது என்ற பொருளில் கருணாநிதி வரியை மாற்றிக் கொடுத்தார், அப்புறம்தான் பாடினார் என்பார்கள். இரண்டு பேருடைய பெருந்தன்மையும் இதில் தெரிகிறது. படத்தில் கவுந்தியின் பாட்டுகள் கதையை நகர்த்தும் வேலையைச் செய்கின்றன. கோவலனும் கண்ணகியும் பேசாததை அந்தக் குரல் பேசுகிறது.

நடிகை என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதற்கு ஓர் இடத்தை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். 1965இல் வந்த ஏ.பி. நாகராஜனின் திருவிளையாடல். பழம் கிடைக்காத கோபத்தில் மலைக்கு வந்து நிற்கிறான் சிறுவன் முருகன். ஔவை அவனைச் சமாதானம் செய்ய வேண்டும். முதலில் 'ஞானப் பழத்தைப் பிழிந்து' என்ற விருத்தம். இது சினிமாவுக்காகப் பிறந்ததில்லை, சங்கரதாஸ் சுவாமிகளுடையது. அவர் சிறுமியாக இருந்த நாளிலிருந்து புழங்கிய மேடையிலிருந்து நேராக இறங்கி வந்தது. தாளம் இல்லை. அவசரமும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் முழுசாக வைத்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போகிறார். அப்புறம் தாளம் சேர்ந்து 'பழம் நீயப்பா' தொடங்குகிறது. இங்கே குரலில் கொஞ்சல் இருக்கிறது. பாட்டி பேரனிடம் பேசுகிற குழைவு. கொஞ்ச நேரத்தில் பாட்டு திசை மாறுகிறது. நீ செய்வது தவறு என்று சொல்ல ஔவையின் தமிழுக்கு உரிமை உண்டு என்று கடிந்துகொள்ளும் இடம் வருகிறது. கவனித்துக் கேளுங்கள், குரலில் இருந்த குழைவு அப்படியே போய்விடுகிறது. சொற்கள் குறுகி, வெட்டி வெட்டி விழுகின்றன. ஆறுவது சினம் என்று ஆத்திசூடியையே எடுத்து அவன் முன்னால் வைக்கும்போது அவர் கெஞ்சவில்லை, தெய்வத்துக்கே பாடம் சொல்கிறார். முகத்தில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. கை கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். கொஞ்சல், கண்டிப்பு, கவலை, மறுபடியும் அழைப்பு என்று முழுக் காட்சியும் குரலுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. இதே காட்சியை நல்ல பின்னணிப் பாடகி ஒருவர் பாடி, நல்ல நடிகை ஒருவர் வாயசைத்திருந்தால் பாட்டும் நடிப்பும் இருந்திருக்கும். இந்த ஒன்று இருந்திருக்காது.

வள்ளியாக நின்று நாரதரோடும் வேடனோடும் இரவெல்லாம் தர்க்கம் செய்தவர் என்று முன்பு சொன்னேன் அல்லவா? இதுவும் ஒரு தர்க்கம்தான். எதிரில் நிற்கும் முருகன் பேசவில்லை, இவர் ஒருவரே இரண்டு பக்கத்தையும் பாடுகிறார்.

1967இல் கந்தன் கருணை. அங்கேயும் ஔவை. முருகன் கேள்வி கேட்க, உலகில் அரியது எது, பெரியது எது, கொடியது எது என்று பதில் சொல்கிறார். கொடிது கொடிது வறுமை கொடிது, அதனினும் கொடிது இளமையில் வறுமை. பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கிற பாட்டு. ரயில்பெட்டியில் பாடிக் காசு வாங்கிய பெண் அதைப் பாடுகிறார் என்று தெரிந்தபின் அதை என்னால் பாடப்புத்தகச் செய்யுளாகக் கேட்க முடியவில்லை.

நாகராஜன் தான் எடுத்த புராணப் படங்களில் இவரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொண்டார். காரைக்கால் அம்மையார், திருமலை தெய்வம் இரண்டும் 1973. காரைக்கால் அம்மையாரில் இளம் புனிதவதியாக லட்சுமி, பேயுரு கொண்ட அம்மையாராக இவர். 'தகதகதகவென ஆடவா' என்று ஈசனை ஆடச் சொல்லிப் பாடும்போது அவருக்கு வயது 65. இசை குன்னக்குடி வைத்தியநாதன். அந்தப் பாட்டின் வேகத்துக்குச் சளைக்காமல் மேல் ஸ்தாயியில் போய் நிற்கிறது குரல். இளம் வயதில் சுருதி ஏற்றிப் பாடிய எத்தனையோ நாடகக்காரர்களின் குரல் நாற்பதிலேயே உடைந்து போனதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது.

1969இல் வந்த 'துணைவன்' தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் எடுத்த படம். அதில் பாடியதற்குத்தான் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அந்த விருது தொடங்கிய முதல் வருடம் பி. சுசீலா, அடுத்த வருடம் இவர். 1970இல் பத்மஸ்ரீ. தமிழ் இசைச் சங்கம் அதற்கு முன்பே இசைப்பேரறிஞர் பட்டம் கொடுத்திருந்தது. கொடுமுடியில் தன் பெயரில் ஒரு தியேட்டரும் கட்டினார். 1980இல் காலமானார்.

சரி, குறைகளே இல்லையா என்று கேட்டால், உண்டு. வசனம் பேசும் காட்சிகளில் அவர் கடைசிவரை மேடையை விட்டு இறங்கவில்லை. சாதாரணமாகப் பேச வேண்டிய இடத்திலும் குரல் எடுப்பாகவே இருக்கும். எதிரில் நடிப்பவரைக் கவனித்து அதற்கேற்ப முகம் மாறுவது குறைவு. வேடங்களின் எல்லையும் சின்னது. சாவித்திரி போலக் கண்ணால் ஒரு காட்சியை நடத்துகிறவர் இல்லை. அந்தப் பயிற்சியும் அவருக்குக் கிடையாது. நடிப்பு என்றால் அது மட்டும்தான் என்று வைத்துக்கொண்டால் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் தெருக்கூத்து, இசை நாடகம், கதாகாலட்சேபம் என்று நம்மிடம் இருக்கும் எல்லா மரபிலும் பாத்திரத்தின் மனசு பாட்டில்தான் வெளிப்பட்டிருக்கிறது. அந்த நடிப்பு முறையைச் சினிமாவுக்குள் கொண்டுவந்து, சினிமா மாறிப்போன பின்னும் அதை மதிக்க வைத்தவர் அவர். அந்த வகையில் அவருக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு இன்னொரு பெயர் தோன்றவில்லை.

பார்க்க ஆசைப்பட்டால் திருவிளையாடலின் அந்தத் தொடக்கக் காட்சியிலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்தது பூம்புகார், ஏனென்றால் அங்கே அவர் ஒரு கதைக்குள் நடமாடும் பாத்திரமாக வருகிறார். ஔவையார் நீளமான படம், இன்றைய வேகத்துக்குப் பொறுமை வேண்டும். யானைக் கூட்டம் கோட்டையை உடைக்கும் காட்சிக்காகவாவது முழுசாகப் பார்த்துவிடுங்கள். இவற்றுக்குப் பிறகு கிட்டப்பா, சுந்தராம்பாள் இருவரின் பழைய இசைத்தட்டுப் பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். இரைச்சல் இருக்கும், ஒரு பாட்டு மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நல்ல ஹெட்போன் போட்டு, ஒரே பாட்டை இரண்டு மூன்று தடவை கேட்டால் சொற்கள் தெளிய ஆரம்பிக்கும்.